கோல்ஃபில், பயிற்சி ரேஞ்சில் நேராகப் போகிற பந்து கோர்ஸில் ஆடும்போது ஏன் வளைகிறது? கோளாறு ஸ்விங்கிலா, மனசிலா?

ஏழாம் அயர்ன்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நெடுநாளாகப் படித்துக்கொண்டிருப்பவன், எழுதுவது இப்போதுதான். என் ஹேண்டிகேப் 19, நடுத்தர ஆட்டம்.

ரேஞ்சில் 7ஆம் நம்பர் அயர்ன் கிளப்பை (மட்டையை) எடுத்தால் பெரும்பாலான பந்துகள் ஒரே திசையில், ஒரே உயரத்தில் போகும். தூரம் அடிக்கிற டிரைவரும் மோசமில்லை. அதே ஆள் முதல் டீயில், ஆட்டம் தொடங்கும் இடத்தில், நின்றால் கதையே வேறு. பின்னால் நாலு பேர் தங்கள் முறைக்காக நிற்கிறார்கள். வலது பக்கம் எல்லைக்கான வெள்ளைக் கம்புகள் வரிசையாகத் தெரிகின்றன. கிளப்பைப் பின்னால் இழுக்கும்போதே தலைக்குள் ஒரு கூட்டம் கூடிவிடும்: இடது கை மடங்கக் கூடாது, இடுப்பு முதலில் திரும்பணும், தலை ஆடக் கூடாது, மணிக்கட்டைச் சீக்கிரம் விடக் கூடாது. பந்து வலது பக்கம் வளைந்து (ஸ்லைஸ்) கம்பைத் தாண்டிப் போகும். அடுத்ததில் அதைச் சரிசெய்யப் போய் இடது பக்கம் வளையும் ஹூக். ஏழாவது ஹோலுக்குள் என் ஸ்விங் எது என்று எனக்கே தெரியாமல் போகும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஸ்கோர் முழுக்கக் கெட்டு, "இனி என்ன இருக்கு" என்று விட்ட பிறகு, கடைசி நாலு ஹோலில் அருமையாக ஆடுவேன். கூட ஆடுகிறவர்கள் "இதை முதலிலேயே செய்யக் கூடாதா?" என்று கேட்பார்கள்.

எனக்குச் சொல்லித்தருபவர் "கவனம் பத்தலை, கான்சென்ட்ரேட் பண்ணுங்க" என்கிறார். சரி, எதன் மேல்? பந்து மேலா, கை மேலா, இலக்கு மேலா? அதைத்தான் யாரும் சொல்வதில்லை. மனசை ஒருமுகப்படுத்தி ஸ்விங்கைச் சீராக்கியவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். "ரிலாக்ஸா இருங்க" மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.


பங்கர்வாசி:

முதல் டீயில் டிரைவர்தான் அடிக்கணும் என்று எந்த விதியும் கிடையாது. நம்பிக்கையான ஹைபிரிட் (டிரைவரைவிடச் சுலபமான கிளப்) ஒன்று இருந்தால் அதை எடுங்க. நான் எப்பவும் அப்படித்தான். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், அவங்க புதருக்குள் பந்து தேடும்போது நான் ஃபேர்வேயில், வெட்டிய புல்தரையில், நடந்துகொண்டிருப்பேன். மனசு விஷயத்தைப் பெரியவங்க சொல்லட்டும்.


பழைய டிவட்:

தம்பி, பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "இனி என்ன இருக்கு" என்று விட்ட பிறகு நன்றாக வருகிறது என்கிறீர்கள். அந்த நாலு ஹோலில் உங்கள் இடுப்பும் மணிக்கட்டும் புதிதாக எதையும் கற்றுக்கொண்டுவிடவில்லை. தலைக்குள் பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடினார், அவ்வளவுதான். ஸ்விங் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

சின்ன வயதில் மற்றவர்களின் கிளப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். அப்புறம் வெகுகாலம் ரேஞ்சில் சொல்லிக்கொடுத்தேன். "கான்சென்ட்ரேட் பண்ணு" என்கிற அறிவுரையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கவனம் குறைந்து யாரும் முதல் டீயில் ஸ்லைஸ் அடிப்பதில்லை. அங்கே கவனம் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அத்தனையும் உடம்புக்குள்ளேயே சுற்றுகிறது.

ஒரு கணக்கு பாருங்கள். கிளப் அசையத் தொடங்கியதிலிருந்து பந்தைத் தொடும் வரை ஏறக்குறைய ஒரு வினாடி. மேலே போவதற்கு முக்கால், கீழே வருவதற்குக் கால். நல்ல ஆட்டக்காரர்களிடம் இந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் பெரிதாக மாறுவதில்லை. பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பது வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். கண்ணில் பட்டதற்குக் கையை அசைக்கவே மனிதனுக்கு ஏறக்குறைய கால் வினாடி வேண்டும். அப்படியிருக்க, டவுன்ஸ்விங் நடுவில் "இடுப்பு, இடுப்பு" என்று நீங்கள் அனுப்பும் உத்தரவு போய்ச் சேரும்போது பந்து கிளம்பியிருக்கும். ஸ்விங்கைத் திருத்த அந்த உத்தரவால் முடியாது. பிடியை இறுக்கிவிட மட்டும் முடியும். டீயில் நிற்கும்போது உங்கள் விரல் முட்டிகளைக் குனிந்து பாருங்கள், வெளுத்துப் போயிருக்கும். பிடி இறுகினால் முன்கை இறுகும், கிளப் முகம் மூடிக்கொள்ள நேரமில்லாமல் திறந்தபடியே வந்து சேரும். வலது கை ஆட்டக்காரருக்கு அதுதான் ஸ்லைஸ்.

எதன் மேல் கவனம் வைப்பது என்று கேட்டீர்கள். உடம்புக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒன்றின் மேல். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கேப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1999ல் பக்கத்து இலக்குக்கு அடிக்கும் கோல்ஃப் பிட்ச் ஷாட்டை வைத்தே இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவிடம் கையின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவிடம் கிளப்பின் வீச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கிளப்பைக் கவனித்தவர்கள்தான் இலக்குக்குப் பக்கத்தில் போட்டார்கள். கையும் கிளப்பும் சேர்ந்துதானே அசைகின்றன, என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ரேஞ்சில் பிள்ளைகளிடம் செய்து பார்த்தபோது கண்ணெதிரே தெரிந்தது. "தோளைத் திருப்பு" என்றால் மரக்கட்டை மாதிரி திரும்பும் பையன், "கிளப் தலையை அந்த வேலிக்கு மேலே வீசு" என்றால் தோளைத் தானாகவே முழுசாகத் திருப்பினான்.

இன்னொன்று. சீரான ஸ்விங் வேறு, பார்க்க லட்சணமான ஸ்விங் வேறு. ஜிம் ஃபியூரிக்கின் ஸ்விங்கைப் பார்த்திருப்பீர்கள், மேலே போய் ஒரு வட்டம் போட்டுவிட்டு இறங்கும். எந்தப் பாடத்திலும் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். 2016ல் பிஜிஏ டூர் என்ற ஆண்கள் தொழில்முறைத் தொடரில், ஒரு ரவுண்டை முதன்முதலாக 58 அடிகளில் முடித்தவர் அவர்தான். அன்னிகா சோரன்ஸ்டாம், பந்தைத் தொடும் நேரத்திலேயே தலை இலக்குப் பக்கம் திரும்பிவிடும். அந்தத் தலையோடுதான் 2001ல் எல்பிஜிஏ என்ற பெண்கள் தொடரின் போட்டியில் 59 அடித்தார். உங்கள் "தலை ஆடக் கூடாது" கட்டளையை இன்றைக்கே குப்பையில் போடுங்கள்.

சோரன்ஸ்டாமின் பயிற்சியாளராக இருந்த பியா நில்சனும் லின் மேரியட்டும் ஒரு வழி சொல்வார்கள். பந்துக்குப் பின்னால் கற்பனையாக ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னே நிற்கும்வரை யோசிக்கலாம்: காற்று, தூரம், எந்த கிளப், எங்கே விழணும். கோட்டைத் தாண்டிவிட்டால் யோசனை கிடையாது, அடிப்பது மட்டும்தான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். செய்து பாருங்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகும் எத்தனை கேள்வி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று தெரியும். வந்தால் திரும்பிப் போய்விடணும், வெட்கமே பட வேண்டாம். நான் பை தூக்கிய காலத்தில் நல்ல ஆட்டக்காரர் யார் என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். மனசு கலைந்ததும் பந்தை விட்டு விலகி வந்து மறுபடி தொடங்குகிறவர் நல்ல ஆட்டக்காரர். "சரி, வந்தாச்சு, அடிச்சிருவோம்" என்கிறவரின் பந்தைத் தேடத்தான் நான் புதருக்குள் போக வேண்டியிருக்கும்.

இனி நான் சொல்லிக்கொடுக்கும் முறை. பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பாருங்கள். "ஃபேர்வே" என்பது இலக்கு ஆகாது. தூரத்து மரத்தின் ஒரு கிளை, பங்கரின் (மணல் பள்ளத்தின்) இடது ஓரம், அப்படிச் சின்னதாக ஒன்று. பிறகு அதே கோட்டில், பந்துக்கு ஓரிரு அடி முன்னால், ஒரு காய்ந்த இலையோ, கிளப் பெயர்த்துப்போட்ட பழைய புல் துண்டோ (டிவட்) கண்டுபிடியுங்கள். ஜாக் நிக்லாஸ் செய்தது இது. 250 கெஜத்துக்கு அப்பால் உள்ள மரத்துக்கு நேராக நிற்பதைவிட, காலடியில் இருக்கும் இலைக்கு நேராக நிற்பது எளிது. மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டே கோட்டைத் தாண்டுங்கள். முதலில் கிளப் முகத்தை இலைக்கு நேராக வையுங்கள், அப்புறம் கால்கள். மரத்தை ஒரு தடவை பாருங்கள். மணிக்கட்டை ஒரு தடவை தளர்த்தி ஆட்டிவிட்டு, கண் பந்துக்குத் திரும்பியதும் கிளப் கிளம்பிவிடணும். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பந்துக்கு மேல் சிலை மாதிரி நிற்கும் அந்த ஏழெட்டு வினாடிதான் தலைக்குள் கூட்டம் சேர்கிற நேரம். நிற்காவிட்டால் கூட்டமும் சேராது.

ஸ்விங்கின்போது மனசில் என்ன? பந்து அந்த இலைக்கு மேலே பறந்து போவது. அவ்வளவுதான்.


ஸ்கொயர்ஃபேஸ்:

டிவட் சார் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். ஆனால் எல்லாவற்றையும் மனசு மேல் போடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு அதிகம். ஏழாம் அயர்ன், முதலில் ரேஞ்ச் உங்களிடம் எத்தனை பொய் சொல்கிறது என்று பாருங்கள்.

ரேஞ்சின் செயற்கைப் புல் பாயில் வைத்து அடிக்கும்போது கிளப் பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையைத் தொட்டாலும், பாய் மேல் வழுக்கிப் போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். புல்லில் அதே ஸ்விங் மண்ணை வெட்டிவிட்டுப் பாதி தூரம் போகும். பாயின் விளிம்பே ஒரு நேர்கோடு, அதை வைத்து நீங்கள் அறியாமலேயே கால்களைச் சரியாக வைக்கிறீர்கள். கோர்ஸில் அந்தக் கோடு இல்லை. வலது பக்கம் பயந்து உடம்பை இடது பக்கம் திருப்பி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி நின்றால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும், ஸ்லைஸ் இன்னும் கூடும். பயிற்சியில் இரண்டு அலைன்மென்ட் குச்சிகளைத் தரையில் போட்டுப் பழகுங்கள். கோர்ஸில் ஒரு நண்பரைப் பின்னால் நிற்கவைத்து செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். தோள் எங்கே பார்க்கிறது என்று தெரிந்துவிடும்.

பிடி, நிற்கும் கோணம், பந்து வைக்கும் இடம் மூன்றும் தப்பாக இருந்தால் எத்தனை இலையைப் பார்த்தும் பயனில்லை.


ஏழாம் அயர்ன்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஸ்கொயர்ஃபேஸ் சொன்னது சுருக்கென்று தைத்தது, நான் பாயில் மட்டும்தான் பழகுகிறேன்.

டிவட் சார், இரண்டு சந்தேகம். ஒரு ரவுண்டுக்கு நாலு மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் மனசை இப்படிப் பிடித்து வைக்க முடியுமா? எனக்கு ஆறாவது ஹோலிலேயே தலை வலிக்கிறது. இரண்டாவது, ஒரு மோசமான ஷாட் அடித்தால் அதன் எரிச்சல் அடுத்த மூன்று ஷாட்டுக்குக் கூடவே வருகிறது. அதை எப்படி உதறுவது?


மூன்றாவது பட்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். நான் ஆடத் தொடங்கியதே பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான். டிவட் அண்ணா சொல்லும் "உடம்பை நினைக்காதே" ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சமும் உதவவில்லை. பிடியே சரியாகத் தெரியாதவளுக்கு இலையைப் பார் என்றால் என்ன ஆகும்? சியான் பெய்லாக்கும் குழுவினரும் 2004ல் வெளியிட்ட பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவது) ஆய்வு ஒன்றைப் படித்தேன். தேர்ந்தவர்களைத் தங்கள் அசைவைக் கவனித்து அடிக்கச் சொன்னால் ஆட்டம் கெடுகிறது. புதியவர்களுக்கு அது நேர்மாறு. அசைவைக் கவனித்து, நிதானமாக அடித்தால்தான் அவர்களுக்கு நன்றாக வருகிறது. அதனால் யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது.

அப்புறம், எல்லோரும் "ஷாட்டை மனக்கண்ணில் பார்" என்கிறார்கள். ஜேசன் டே பந்துக்குப் பின்னால் நின்று கண்ணை மூடி முழு ஷாட்டையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். எனக்குக் கண்ணை மூடினால் இருட்டுதான் தெரிகிறது! எனக்கு வருவது சத்தம். அயர்ன் பந்தை நடுவில் சந்திக்கும்போது வரும் அந்த "டொக்". அதை ஒரு தடவை மனசுக்குள் கேட்டுவிட்டு அடிப்பேன். படம் வராதவர்கள் இதை முயற்சி பண்ணலாம்.

பட்டிங்கில் எனக்கு உதவியது கண்தான். ஜோன் விக்கர்ஸ் 1992ல் செய்த ஆய்வில், நன்றாகப் பட் செய்கிறவர்கள் அடிப்பதற்கு முன் பார்வையைப் பந்தில் அசையாமல் நிறுத்துகிறார்கள், பந்து உருண்டு போன பிறகும் அது இருந்த இடத்தையே ஒரு கணம் பார்க்கிறார்கள் என்று கண்டார். நான் பந்தின் பின்பக்க மேற்பரப்பில் உள்ள சின்னப் பள்ளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பார்ப்பேன். பந்து போனதும் அதற்கடியில் இருந்த புல்லைப் பார்ப்பேன். குழிக்குள் விழுந்தால் காதில் கேட்கத்தானே போகிறது?


பழைய டிவட்:

மூன்றாவது பட் சொன்னது சரிதான் அம்மா. புதிதாக ஒன்றைக் கற்கும்போது அசைவைக் கவனிக்காமல் முடியாது. ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: நான் சொன்ன 1999 ஆய்வில் இருந்தவர்களும் புதியவர்கள்தான். ஆகையால் புதியவர் அசைவைக் கவனிக்கட்டும், கை அசைவை விட்டுவிட்டுக் கிளப்பின் அசைவைக் கவனிக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். 19 ஹேண்டிகேப் தம்பி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். ரேஞ்சில் முதல் பாதி நேரம் ஸ்கொயர்ஃபேஸ் சொன்ன குச்சி வேலையைச் செய்யுங்கள், அப்போது உடம்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் யோசியுங்கள். மீதிப் பாதியில் குச்சியை எடுத்துவிட்டு ரேஞ்சிலேயே கோர்ஸ் ஆடுங்கள். முதல் ஹோலை மனசில் வைத்து டிரைவர், அடுத்து 6 அயர்ன், அடுத்து ஒரு பிட்ச். ஒவ்வொன்றுக்கும் இலக்கு மாறணும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று வரணும்.

இப்படிக் கலந்து பழகினால் ரேஞ்சில் மோசமாகத் தெரியும், அதற்குத் தயாராக இருங்கள். 1979ல் ஷே, மோர்கன் என்ற இருவர், கையால் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டிவிடும் வேலையை வைத்து இதைக் காட்டினார்கள். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். பிற்பாடு சோதித்தபோது, கலந்து பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். ஒரே 7 அயர்னை ஒரே திசையில் அடித்துத் தள்ளும்போது வருகிற நம்பிக்கை அந்தப் பாயோடு சரி.

நாலு மணி நேரக் கேள்விக்கு வருகிறேன். யார் உங்களை நாலு மணி நேரம் பிடித்து வைக்கச் சொன்னது? ஒரு ரவுண்டில் 90 தடவை அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம் கொடுத்தாலும் மொத்தம் 45 நிமிஷம்தான் வேலை. மீதி மூன்றேகால் மணி நேரம் நடை, பேச்சு, வேடிக்கை. தலைவலி வருவது அந்த மூன்றேகால் மணியிலும் ஸ்விங்கை அலசிக்கொண்டே நடப்பதால். நான் தூக்கிய பைகளில் ஒருவருடையது, அவர் அடித்து முடித்ததும் கையுறையைக் கழற்றிப் பின் பாக்கெட்டில் செருகிவிடுவார். அதற்கப்புறம் அவரிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது, பறவையைக் காட்டுவார், பழைய கதை சொல்வார். அடுத்த பந்துக்குப் பின்னால் போய் நின்று கையுறையை மாட்டி ஒட்டும்போது அந்தச் 'சர்ர்' என்ற சத்தம் வரும். அதோடு முகமே மாறிவிடும். கதை பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவார், மீதி அடுத்த நடையில். அப்படி உங்களுக்கும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கையுறையோ, பையிலிருந்து கிளப்பை உருவுவதோ, எதுவானாலும் சரி, தினமும் அதே ஒன்று.

மோசமான ஷாட்டுக்குப் பிறகு செய்ய வேண்டியது: பந்து எங்கே போனது என்று மட்டும் சொல்லுங்கள், வாய்விட்டு. "வலது பக்க ரஃபில் (நீளப் புல்லில்), இருபது கெஜம் உள்ளே." ஏன் போனது என்று சொல்லாதீர்கள். கோர்ஸில் கிடைக்கும் "ஏன்" பெரும்பாலும் ஊகம், அடுத்த ஷாட்டில் ஹூக் ஆவது அந்த ஊகம்தான். எரிச்சல் வரட்டும், திட்டுங்கள், ஆனால் அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் முடித்துவிடுங்கள். காரணத்தை வீட்டுக்குப் போய் ஸ்கோர் அட்டையை வைத்துக்கொண்டு யோசிக்கலாம்.

இன்னொன்றும் செய்யலாம். சில ரவுண்டுகளுக்கு அட்டையில் அடிகளை எழுதுவதோடு, இலை பார்த்து, கோடு தாண்டி, நிற்காமல் அடித்த ஷாட்டுக்கு ஒரு புள்ளி வையுங்கள். பந்து எங்கே விழுந்தாலும் புள்ளி உண்டு. நன்றாக விழுந்து, முறை தவறியிருந்தால் புள்ளி இல்லை. 2014 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ரோரி மெக்கில்ராய் வாரம் முழுக்க "ப்ராசஸ்", "ஸ்பாட்" என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஆடியதாக ஜெயித்த பிறகு சொன்னார். இரண்டாவது சொல் பட்டிங்குக்கு, பந்து உருண்டு போக வேண்டிய கோட்டில் ஓர் இடம். இரண்டு சொல்லிலும் ஸ்கோர் இல்லை, கவனித்தீர்களா?


பங்கர்வாசி:

டிவட் அண்ணே, எல்லாம் சரி. இந்த இலை, கோடு, கையுறை எல்லாம் முடிப்பதற்குள் பின்னால் வருகிற கோஷ்டி கத்தாதா? முதல் டீயில் அவரோட பிரச்சினையே பின்னால் நிற்கிற நாலு பேர்தானே?


பழைய டிவட்:

நியாயமான கேள்வி. 2019 விதிகளில் ஒரு ஷாட்டை 40 வினாடிக்குள் அடிக்கப் பரிந்துரைத்திருக்கிறார்கள், இடையூறு எதுவும் இல்லாதபோது அதைவிடச் சீக்கிரமாகவே முடியும் என்றும் சொல்கிறார்கள். நான் சொன்ன முறைக்கு 25 வினாடி தாராளம். காற்றும் தூரமும் பார்ப்பதை மற்றவர் அடிக்கும்போதே முடித்துவிடலாம், அவருடைய கண்ணில் படாமல் நின்றால் போதும்.

தம்பி, ரேஞ்சில் ஒருவரை ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொல்லுங்கள். நீண்டுபோனால் பயிற்சி ஸ்விங்கை வெட்டுங்கள். மூன்று போடுகிறவராக இருந்தால் ஒன்று போதும், அதையும் கோட்டுக்குப் பின்னாலேயே போட்டுவிடுங்கள். இலை பார்ப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.